கார்டுக்குள் இரண்டு போர்ஷன்



இந்த முறை எனக்கு ஒதுக்கிய இடம் இரண்டு தாள்தான். எழுத்து பொடியாக இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து படிக்கவும்.

அறிவியல் ஆய்வகத்தின் வடக்கு ஜன்னலில் ஓட்டை போட்ட ஒரு டிபன் பாக்ஸ் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "யாரோட சாப்பாடுடா இது, மூணு வருஷமா இருக்கு?" என்று ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். அது சாப்பாடு இல்லை. உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஒரு வயர் வெளியே போய் ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைச் சென்சாரோடு முடியும். பை கொஞ்சம் சூடாகும், பக்கத்திலேயே வைத்தால் சென்சார் பொய் சொல்லும், அதனால்தான் வெளியே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் எழுதிக்கொண்டே இருக்கும். 2022 ஜூன் மாதம் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அண்ணா ஒருவர் செய்து வைத்துவிட்டுப் போனது.

ஒரு நாளைக்கு 144 வரி. ஒரு வருடத்துக்கு 52,560 வரி. கரண்ட் போன நேரத்தைக் கழித்தாலும் மூன்று வருடத்தில் ஒன்றரை லட்சம் வரியைத் தாண்டிவிட்டது. நம்ம ஊருக்கு இப்படி ஒரு கணக்கு வேறு எங்கேயும் கிடையாது. அது மொத்தமும் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டில், அதுவும் சுண்டுவிரல் நகம் அளவு உள்ள கார்டில். அந்தக் கார்டு சாகக் கிடந்ததும் பிறகு நடந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பை பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பிறந்தது. மாணவர்கள் குறைந்த செலவில் புரோகிராம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செய்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது, விலை 35 டாலர். (நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்த நாள் கொண்டாட முடியும், பாவம்!) நம்முடையது 2016இல் வந்த மூன்றாம் மாடல். இதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம், புரோகிராம், தகவல் எல்லாமே அந்த மெமரி கார்டில்தான். கார்டு போனால் எல்லாம் போச்சு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்ப் போய் வந்தது. மதியம் பார்த்தால் பையில் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு சிமிட்டவே இல்லை. திரையை மாட்டிப் பார்த்தோம். எர்ரர், எர்ரர் என்று வரி வரியாக ஓடியது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்படி ஆகும் என்று கணினி மிஸ் சொன்னார். அது மட்டுமில்லை, இந்த மாதிரிக் கார்டுகளில் ஒவ்வொரு இடத்திலும் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு ஆயுசு இருக்கிறதாம். மூன்று வருடம் ராத்திரி பகல் எழுதியதில் அதுவும் தேய்ந்திருக்கும்.

"சரி மிஸ், இன்னொரு கார்டுல காப்பி பண்ணிடலாம்" என்றேன். பாட்டு, படம் எல்லாம் காப்பி பண்ணிப் பழகியவன் இல்லையா, அந்தத் தைரியம்! கடையில் புதுசாக ஒரு 16 ஜிபி கார்டு வாங்கி வந்தோம். பழையதை ரீடரில் வைத்து விண்டோஸ் கணினியில் சொருகினேன். 'பூட்' என்று ஒரு டிரைவ் திறந்தது. உள்ளே இருந்தது 60 எம்பி கூட இல்லை. அதே நேரத்தில் இன்னொரு டிரைவ் எழுத்தும் முளைத்து, "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்தது. என் பக்கத்தில் இருந்த நண்பன் கை மௌசில் இருந்தது. அம்பு 'ஃபார்மட்' பட்டன் மேலேயே நின்றது.

"கையை எடு!" என்று மிஸ் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

அந்த ஒரு கிளிக் விழுந்திருந்தால் ஒன்றரை லட்சம் வரியும் அங்கேயே காலி. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே வீட்டில் முன் போர்ஷன், பின் போர்ஷன் என்று வாடகைக்கு விடுவார்களே, அந்த மாதிரி பையின் கார்டுக்குள் இரண்டு போர்ஷன். இதைத்தான் பார்ட்டிஷன் என்கிறார்கள். முன் போர்ஷன் சின்னது, நம்முடையதில் 256 எம்பி. பை கண் விழித்ததும் முதலில் தேடுவது இங்கேதான். எழுந்திருக்கத் தேவையான சில கோப்புகள் மட்டும் இருக்கும். இது ஃபாட்32 என்ற முறையில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், கேமரா என்று எல்லோருக்கும் இந்த பாஷை தெரியும். பின் போர்ஷன் பெரியது. மிச்சம் 14 ஜிபிக்கு மேல் அதுதான். ஆப்பரேட்டிங் சிஸ்டம், அண்ணா எழுதிய புரோகிராம், நம்ம வெயில் கணக்கு எல்லாம் குடியிருப்பது அங்கே. அது எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியாது. கதவைத் தட்டுகிறது, உள்ளே பேசுவது புரியவில்லை. உடனே "வீடு காலியா இருக்கு, வெள்ளையடிச்சுரட்டுமா?" என்று நம்மையே கேட்கிறது. அதுதான் அந்தப் பெட்டி!

எந்தப் போர்ஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு பத்திரம் இருக்கிறது. கார்டின் முதல் 512 பைட். அதில் 446 பைட் தொடக்கப் புரோகிராமுக்கான இடம். அடுத்த 64 பைட்தான் பத்திரம். ஒரு போர்ஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு பேருக்கு இடம் உண்டு. கடைசி 2 பைட் கையெழுத்து மாதிரி. நாம் டிரைவைத் திறந்து கோப்புகளைக் காப்பி அடித்தால் இந்தப் பத்திரம் வரவே வராது. ஏனென்றால் அது கோப்பே இல்லை.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? முன் போர்ஷனில் இருந்ததை மட்டும் புதுக் கார்டில் போட்டுப் பையில் மாட்டிவிட்டேன். வானவில் மாதிரி ஒரு கலர்ப் பெட்டி வந்தது. எழுத்தும் ஓடியது. "ஆகா!" என்றேன். பிறகு "ரூட் டிவைஸுக்காகக் காத்திருக்கிறேன்" என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. முன் வாசலைத் திறந்து உள்ளே வந்த ஆள், பின் போர்ஷனைத் தேடி நிற்கிறான். பின் போர்ஷனே கட்டவில்லையே, எப்படிக் கிடைக்கும்? மதிய உணவு இடைவேளை முழுக்க அது காத்திருந்தது, நாங்களும் காத்திருந்தோம்.

ஆக, செய்ய வேண்டியது கோப்பு காப்பி இல்லை, குளோன். கார்டின் முதல் பைட்டில் தொடங்கி கடைசி பைட் வரை, என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வரிசை மாறாமல் அப்படியே எடுப்பது. நோட்டில் இருக்கிற பாடத்தைப் பார்த்து எழுதுவதற்கும், அட்டையிலிருந்து அட்டை வரை ஜெராக்ஸ் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். பத்திரம், இரண்டு போர்ஷன், நடுவில் உள்ள காலி இடம் எல்லாம் வந்துவிடும்.

லினக்ஸில் இதற்கு 'டிடி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1970களிலேயே யூனிக்ஸில் இருந்த கிழவர். இரண்டு விஷயம் கேட்பார். 'ஐஎஃப்' என்றால் எதிலிருந்து எடுக்க, 'ஓஎஃப்' என்றால் எதில் போட. இரண்டையும் மாற்றிச் சொன்னால்? காலிக் கார்டை எடுத்து நல்ல கார்டின் மேல் எழுதிவிடுவார்! "நிஜமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதைவிட மோசம், கார்டு என்று நினைத்துக் கணினியின் ஹார்டு டிஸ்க் பெயரைக் கொடுத்தால் அதையும் அழிப்பார். அதனால் மிஸ் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். கார்டைச் சொருகும் முன் 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளை கொடுத்து டிஸ்க் பட்டியலைப் பார். சொருகிவிட்டு மறுபடியும் பார். எது புதிதாக வந்ததோ அதுதான் கார்டு. எங்கள் கணினியில் ஹார்டு டிஸ்க் 'எஸ்டிஏ', கார்டு 'எஸ்டிபி'. அதன் கீழே 'எஸ்டிபி1', 'எஸ்டிபி2' என்று நம்ம இரண்டு போர்ஷனும் தெரிந்தது. குளோன் எடுக்கும்போது எண் இல்லாத பெயரைத்தான் கொடுக்க வேண்டும். எண்ணோடு கொடுத்தால் ஒரு போர்ஷன் மட்டும்தான் வரும். (கட்டளைகளை ஆங்கிலத்தில் எப்படி அடிப்பது என்று ஆய்வகப் பலகையின் இடது ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அழிக்காதீங்க.)

இன்னொன்று. பை ஓடிக்கொண்டிருக்கும்போதே குளோன் எடுப்பது ஓடுகிற பஸ்ஸைப் போட்டோ எடுக்கிற மாதிரி. பாதி பழசு, பாதி புதுசு என்று வரும். முறையாக நிறுத்திவிட்டு, கார்டை வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். பழைய கார்டைப் போடும் அடாப்டரின் ஓரத்தில் ஒரு குட்டி வழுக்கு இருக்கும். அதைக் கீழே தள்ளினால் பூட்டு. எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். எல்லா ரீடரும் அந்தப் பூட்டை மதிக்காது, ஆனாலும் தள்ளி வைத்தோம்.

16 ஜிபியை வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் படித்தால் 800 வினாடி, அதாவது 13 நிமிடம் சொச்சம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தோம். ஒன்பது ஜிபியில் டிடி நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை, எர்ரர்.

இங்கே எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. மிஸ் கல்லூரியில் படிக்கும் அந்த அண்ணாவுக்கே போன் போட்டுவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், அந்த ஃபைலை யாருமே தனியா எடுத்து வைக்கலையா?" எங்களுக்கு முகம் தொங்கிப்போச்சு. ஒரு வரிக்கு 27 எழுத்து, ஒன்றரை லட்சம் வரி என்றால் கோப்பு வெறும் நாலு எம்பி. ஒரு சினிமாப் பாட்டு அளவு! மாதம் ஒருமுறை பென்டிரைவில் போட்டிருந்தால் இந்தப் பதைப்பே இல்லை. சும்மா இருக்கும்போது யாருக்குத் தோன்றுகிறது?

அண்ணா சொன்னது 'டிடிரெஸ்க்யூ'. இது டிடிக்குத் தம்பி மாதிரி, ஆனால் அண்ணனைவிடப் புத்திசாலி. தேர்வில் தெரியாத கேள்வியைத் தாண்டிப் போய், தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் திரும்பி வருவோமே, அதே முறை. படிக்க முடியாத இடத்தைத் தாண்டி நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். பிறகு வராத இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த வரைபடத்தை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்ம பள்ளிக்கு ஏற்ற புரோகிராம்! இதைக் கார்டிலிருந்து கார்டுக்கு நேராகச் செய்யாமல், கணினியில் ஒரு பெரிய கோப்பாக, அதாவது இமேஜாக எடுத்தோம். சாகக் கிடக்கிற கார்டை ஒரே ஒருமுறை படித்தால் போதும், பிறகு எல்லா வைத்தியமும் இமேஜுக்கு.

ராத்திரி முழுக்க ஓட விட்டோம். வாட்ச்மேன் தாத்தாவிடம் "இந்த சுவிட்சை மட்டும் அணைச்சிடாதீங்க தாத்தா" என்று சொல்லி, சுவிட்ச் மேல் தாளும் ஒட்டினோம். காலையில் பார்த்தால் 64 கிலோபைட் மட்டும் வரவில்லை. 16 ஜிபியில் 64 கிலோபைட்! ஆனால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதுதானே விஷயம்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எழுத வேண்டுமே. இமேஜைப் புதுக் கார்டில் எழுதினோம். முடியும் நேரத்தில் "இடம் இல்லை" என்றது. இதுவும் 16 ஜிபி, அதுவும் 16 ஜிபி, பிறகு எப்படி? எண்ணிப் பார்த்தோம். பழையதில் 512 பைட் கட்டங்கள் 3,11,16,288. புதியதில் 3,03,75,936. கிட்டத்தட்ட 379 எம்பி குறைவு. அட்டையில் ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். வாலை வெட்டினால் போகிறது என்று விட முடியாது. பின் போர்ஷன் இன்ன இடம் வரை என்று பத்திரம் சொல்கிறது, அந்த இடத்தில் கார்டே இல்லை. லினக்ஸ் ஒத்துக்கொள்ளாது.

"32 ஜிபி வாங்கியிருந்தா இந்த வம்பே இல்லை" என்றார் மிஸ். உண்மைதான். பெரிய கார்டில் அப்படியே எழுதிவிட்டு, மிச்ச இடத்தைப் பிறகு பின் போர்ஷனோடு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு பையிலேயே வசதி இருக்கிறது. ஆனால் மறுபடியும் காசு கேட்க யாருக்கு வாய் வரும்?

அதனால் இமேஜைச் சுருக்கினோம். 14 ஜிபி போர்ஷனில் உண்மையில் நிறைந்திருந்தது 3 ஜிபி சொச்சம்தான். இதில் வரிசை முக்கியம். முதலில் வீட்டுக்குள் பரவிக் கிடக்கிற சாமான்களை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், பிறகுதான் சுவரை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். முதலில் சுவரைக் கட்டினால் சாமான் வெளியே நிற்கும்! 'ஜிபார்ட்டட்' என்ற புரோகிராம் இரண்டையும் சரியான வரிசையில் அதுவே செய்கிறது. அதற்கு முன் கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையும் நடந்தது. கடைசியில் பின் போர்ஷன் 6 ஜிபிக்கு வந்தது. இமேஜில் அதற்கு மேல் உள்ளதை எழுத வேண்டாம். நேரமும் மிச்சம். எழுதி முடித்ததும் கார்டைப் பிடுங்கி மறுபடி சொருகி, இமேஜோடு பைட்டுக்கு பைட் ஒப்பிட்டோம். ஒன்றும் மாறவில்லை.

பை எழுந்தது! பச்சை விளக்கு சிமிட்டியதும் நண்பன் போட்ட விசில் தலைமையாசிரியர் அறை வரை கேட்டதாம். (அவனுக்குத் தனியாக விசாரணை நடந்தது.)

இங்கே ஒரு நுணுக்கம். பை தன் பின் போர்ஷனை ஒரு அடையாள எண் வைத்துத்தான் தேடும். அந்த எண் முதல் 512 பைட்டுக்குள்ளேயே இருக்கிறது. குளோனில் அதுவும் சேர்ந்து வந்ததால் உடனே கண்டுபிடித்துவிட்டது. போர்ஷன்களைப் புதுசாகக் கட்டி, கோப்புகளை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. பையின் திரையிலேயே இருக்கும் 'எஸ்டி கார்டு காப்பியர்' அப்படித்தான் செய்கிறது. சின்னக் கார்டானாலும் தகவல் கொள்ளுமளவு இடம் இருந்தால் போதும். நல்ல கார்டாக இருந்தால் அதுவே சுலபம் என்பது என் கருத்து. ஆனால் கையாலேயே அப்படி மாற்றினால், அடையாள எண் எழுதியிருக்கும் இரண்டு இடங்களிலும் புதிய எண்ணை எழுத வேண்டும். மறந்தால் மறுபடியும் அந்தக் காத்திருப்புதான். குளோனும் அசலும் ஒரே எண் உள்ளவை என்பதால் இரண்டையும் ஒரே கணினியில் ஒன்றாகச் சொருகக் கூடாது. எது எது என்று அதற்கே குழம்பும். நம்ம பள்ளி இரட்டையர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் சார்களுக்கு ஆகிற மாதிரி.

இப்போது அந்த 64 கிலோபைட். பெரும்பகுதி காலி இடத்தில் விழுந்திருந்தது. ஒரு 4 கிலோபைட் கட்டம் மட்டும் நம்ம வெயில் கோப்புக்குள். 4,096 பைட்டை 27ஆல் வகுத்தால் 151 வரி சொச்சம், அதாவது 25 மணி நேரம். கோப்பைத் திறந்து உருட்டிக்கொண்டே போனோம். 2023 நவம்பர் 11 சாயங்காலம் 6.40 வரை வரிகள் இருந்தன. பிறகு வெறுமை. அடுத்த முழு வரி நவம்பர் 12 ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கியது.

நவம்பர் 12 அந்த வருடத் தீபாவளி. அன்று காலையில் நம்ம ஊரில் எத்தனை டிகிரி, வெடிப்புகை நேரத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியாது. அண்ணாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இடத்தைக் காலியாவே விடுங்கடா, நீங்களா எதையாவது போட்டு நிரப்பிடாதீங்க" என்றார். அப்படியே விட்டிருக்கிறோம். வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்திருக்கும். ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், போய்ப் பாருங்கள்.

பழைய கார்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு 'தொடாதே' என்று எழுதி மிஸ் மேஜை அறையில் வைத்திருக்கிறார். இமேஜ் ஒன்று ஆய்வகக் கணினியில், ஒன்று நூலகக் கணினியில். வெயில் கோப்பு மட்டும் ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை பென்டிரைவுக்குப் போகும். இந்த மாதம் என் முறை, அடுத்த மாதம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. பென்டிரைவ் மிஸ்ஸிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவன், கணினி மன்றம்